கண்ணில்லாத மிருகமும் கார்டு வீட்டு அக்காவும்

ஐம்பதைத் தாண்டி, சர்க்கரை மாத்திரையும் மூட்டுவலித் தைலமுமாக உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளிகளே, உங்களிடம்தான் சொல்கிறேன். போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த விண்வெளித் தொடரின் படம் ஒன்றைப் போட்டார். உடனே எல்லோரும் இதயம் இதயமாக அனுப்பினீர்கள். "அதெல்லாம் பொற்காலம்" என்று எழுதினீர்கள். யாரோ அதன் பழைய பகுதிகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். நானும் போய்ப் பார்த்தேன். அதன் கீழே நம் பிள்ளைகள் வயதுக்காரர்கள் கதையைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். "கண்ணும் காதும் இல்லாத மிருகம் தரையின் அதிர்வை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் காலத்திலேயே இயக்குநருக்கு என்ன மூளை!" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஆமாம் ஆமாம் என்று அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம். நான் போனைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன்.

தொடரின் பெயரைச் சொல்லி அதற்கு மரியாதை தரப் போவதில்லை. எதுவென்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பூமியில் தண்ணீர் வற்றிப்போய், ஐந்து பேர் ஒரு ராக்கெட்டில் ஏறி வேறொரு கிரகத்துக்குத் தண்ணீர் தேடிப் போவார்கள். கேப்டன், டாக்டரம்மா, இன்ஜினியர், சிரிக்க வைப்பதற்கென்று ஒரு சமையல்காரர், அப்புறம் ஒரு ரோபோ. ரோபோவையும் சேர்த்துத்தான் ஐந்து பேர் என்று கணக்கு.

நாங்கள் அப்போது சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகவிருந்த கோடை விடுமுறை அது. என்னைவிட நான்கு வயது மூத்தவன் அண்ணன். எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. இரண்டு பக்கமும் ஷட்டர் வைத்த மரப்பெட்டி டிவி. படம் கலராகத் தெரிய வேண்டும் என்று திரைக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். அதில் எல்லோரும் செத்துப் போனவர்கள் மாதிரி தெரிந்தார்கள்.

அந்த வீட்டு அறையை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். இருபது முப்பது பேர் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். தேங்காய் எண்ணெய் வாடை, வேர்வை, யாரோ ஒரு குழந்தை நனைத்துவிட்ட பாய். காற்று ஒரு பக்கமாக அடித்தால் தூரத்து ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையும் ஜன்னல் வழியாக வந்து சேரும். டிவி வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார். பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தைக் கிள்ளிக் கிள்ளி எங்கள் தலைமேல் போடுவார். வெற்றிலை எச்சிலைத் துப்ப ஒரு பால்பவுடர் டப்பா வைத்திருந்தார். இடம் கிடைக்காத பிள்ளைகள் அதன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். தொடர் பாதியில் இருக்கும்போது எழுந்து வந்து, "எங்க ஊட்டுக் கரண்டு, எங்க ஊட்டு டிவி. சத்தம் போடாம பாக்கறதுன்னா பாருங்க" என்பார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் போனோம் என்றால், தொடருக்காக மட்டுமல்ல. தொடர் முடிந்த பிறகு நடக்கும் சண்டைக்காக.

ரயில்வே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நல்ல நிழல் இருக்கும். தொடர் முடிந்ததும் நேராக அங்கே ஓடுவோம். அங்கே எங்கள் தலைவி கார்டு வீட்டு அக்கா. கூட்ஸ் வண்டி கார்டின் ஒரே மகள். அம்மா இல்லை. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். காலேஜில் பிசிக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். ஒல்லியாக, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு, பேசும்போது கையை வீசி வீசிப் பேசுவாள். பக்கத்தில் நின்றால் அடி படும்.

"போன வாரம் ஆகாசத்துல ரெண்டு நெலா இருந்துச்சு. இந்த வாரம் ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணை யார் தூக்கிட்டுப் போனாங்க?" என்று ஆரம்பிப்பாள்.

அண்ணன் தொடரின் வக்கீல். எது சொன்னாலும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடிப்பான். "மலைக்குப் பின்னால மறைஞ்சிருக்குங்க்கா."

"மறைஞ்சா மலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சமாவது தெரியோணுமல்ல? செரி, அதை உடு. டாக்டரம்மா வேற ஆளா மாறிட்டாங்க. அதே பேரு, அதே கோட்டு, மூஞ்சி மட்டும் வேற. கூட இருக்கற நாலு பேருல ஒருத்தன்கூடவா நீ யாருன்னு கேக்க மாட்டான்?"

"வேற கிரகத்து வெயிலுங்க்கா. மூஞ்சி மாறிருக்கும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ரோபோவின் நெஞ்சில் இருப்பது இட்லித் தட்டு என்று முதலில் கண்டுபிடித்தது நான். அதற்காக அக்கா என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். இன்ஜினியர் விண்வெளி உடைக்குக் கீழே ஹவாய் செருப்பு போட்டிருந்ததை அண்ணன்கூட மறுக்க முடியவில்லை. "ஏண்டா, நம்மள என்ன கேனைங்கன்னு நெனச்சு எடுக்கறானுங்களா?" என்று அக்கா கோபத்தில் மண்ணை உதைப்பாள். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் அந்த எச்சில் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருவதும் அவள்தான். அவ்வளவு பிடிக்கும் என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இது எங்களுக்குப் புரிந்தது. பெரியவர்கள் யாருக்கும் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொடரில் மிருகம் வந்தது. உடம்பெல்லாம் பச்சையாக வழியும் ஒரு மொத்தை. அதற்குக் கண்ணே கிடையாது. யார் எங்கே ஒளிந்தாலும் நேராக அங்கே வந்து நிற்கும். அக்கா இரண்டு வாரம் இதே நினைப்பாகத் திரிந்தாள்.

"கண்ணு இல்ல, அதனால பாக்க முடியாது. அந்தக் கிரகத்துல காத்தே இல்லைன்னு கேப்டனே சொல்லிட்டான். காத்து இல்லைன்னா சத்தமும் இல்ல, மோப்பமும் இல்ல. அப்பறம் எப்படி வருது?"

"அதுக்குச் சக்தி இருக்குதுங்க்கா" என்றான் அண்ணன்.

"சக்தின்னு சொன்னா சாமிப் படம். இது சயின்ஸ்டா."

விடையை ஒரு நாள் மத்தியானம் அவளே கண்டுபிடித்தாள். நாங்கள் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. அதற்கப்புறம்தான் கூட்ஸ் வண்டியின் சத்தம் வந்தது. தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்த எங்களுக்கு அது தினமும் நடப்பதுதான். அவள் மட்டும் மாங்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"தரை! சத்தம் வாரதுக்கு முன்னாலயே தரைக்குத் தெரியுது பாரு. அந்த மிருகத்துக்குக் காலு வழியாத் தெரியுதுடா. யாராச்சும் நடந்தா அதிரும். நின்னுட்டா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பிடின்னா அதுகிட்ட இருந்து தப்பிக்கறதுக்கு ஒரே வழிதான். ஓடக் கூடாது. நிக்கோணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தொடரின் மொத்தப் பகுதிகளிலும் எனக்கு அப்படி ஒரு முறைகூட ஆனதில்லை.

அதே வாரம் அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தான். நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கத்துக் குவியல்களைத்தான் அந்தக் கிரகமாகக் காட்டுகிறார்களாம். அடுத்த சில பகுதிகளை எடுக்கக் கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறார்களாம். அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வாங்க போலாம். நேராப் போய்க் கேட்டுருவோம்" என்றாள். அவள் அப்பா டூட்டியில் வெளியூர் போயிருந்தார். எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மூவரும் டவுன் பஸ் ஏறினோம். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுத்தான் போனோம்.

சித்திரை வெயில் அந்த வெள்ளைக் கல்லில் பட்டுக் கண்ணைக் குத்தியது. தூரத்தில் ராக்கெட் நின்றது. பார்த்ததும் அண்ணன் கைகூப்பாத குறைதான். பக்கத்தில் போகப் போக ஒரு நாற்றம் வந்தது. மிருகத்தின் நாற்றம். கோணிச் சாக்கைத் தைத்து, ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, பச்சைச் சாயம் கலந்து அதன்மேல் பூசியிருந்தார்கள். வெயிலில் அது புளித்து நுரைத்துப்போயிருந்தது. மேலெல்லாம் ஈ. உள்ளே இருந்த ஆள் சாக்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, குனிந்து வாந்தி எடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கொட்டி, திரும்பவும் சாக்குக்குள் தள்ளினான்.

இயக்குநர் பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து கோழி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலும்பைக் கடித்து உறிஞ்சி, அந்த வெள்ளை மண்ணில் துப்பினார். அவருடைய அந்நிய கிரகத்திலேயே துப்பினார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கோணுங்க."

"என்னம்மா, கையெழுத்தா?"

"இல்லைங்க. அந்த மிருகத்துக்குக் கண்ணு இல்லைங்க. கிரகத்துல காத்தும் இல்லைங்க. அப்பறம் அதுக்கு ஆளு இருக்கற எடம் எப்படிங்க தெரியுது?"

இயக்குநர் மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த உதவியாளன், "கண்ணு வைக்கக் காசு இல்ல பாப்பா" என்று இளித்தான். இயக்குநர் அவனைக் கையமர்த்திவிட்டு, "சரி, நீயே சொல்லேன். எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

சொன்னாள். டம்ளர், கூட்ஸ் வண்டி, தரை, எல்லாம். கையை வீசி வீசிச் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த கிண்டல் மெதுவாகப் போனது. கையைக் கழுவிவிட்டு வந்து, மடக்கு நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். "உக்காரும்மா. இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லு" என்றார். எங்களைப் பார்த்து, "தம்பி, பாப்பா, நீங்க போய் ராக்கெட்டைப் பாருங்க" என்றார்.

நாங்கள் போனோம். ராக்கெட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்னால் மூங்கிலும் செய்தித்தாளும். அதன் காலடியில் யாரோ ஒன்றுக்கு இருந்து வைத்திருந்தார்கள். அண்ணன் அதை மிதித்துவிட்டான். செருப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "உள்ள இருந்து பாத்தா நல்லா இருக்கும்" என்றான் பாவம்.

அங்கிருந்து பார்த்தால் குடை தெரிந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளை இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில், தலையில் ஈரத் துண்டோடு, எங்கள் டிவி வீட்டுக்காரர். டாக்டரம்மாவாக நடித்த பெண்ணைப் பார்க்க வந்தவர். எங்களைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. சினிமாக்காரனோடு கார்டு மகள் குடைக்குக் கீழே தனியாக உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தாள், கூட வந்த சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள், இதுதான் சேதி. அத்தை வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ராக்கெட்டைப் பத்திப் பேசப் போனாளாம்! பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? வயசுப் புள்ளைக்கு ராக்கெட்டுல என்ன வேலை?"

"நெசமாலுமே அதுக்குத்தான் போனோம் அத்தை" என்றேன் நான். "மிருகத்துக்கு எப்படித் தெரியும்னு கேக்கப் போனோம். நானும்தான் இருந்தேன்."

"நீ ராக்கெட் பாக்கப் போயிட்டியாமே?"

"அது கொஞ்ச நேரந்தான்..."

"பாத்தீங்களா!" என்றார் அத்தை மற்றவர்களிடம்.

அனுமதி கொடுத்து அனுப்பிய என் அம்மா, தான் அனுப்பியதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்துப் போனார். "வாயை மூடு சாமி. நமக்கெதுக்கு?" என்றார். அண்ணனுக்கு அப்பாவின் பெல்ட் அடி.

அக்காவின் அப்பா மறுநாள் டூட்டி முடிந்து வந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். மகளை அடிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். "தரை அதிர்றது காலு வழியாத் தெரியும்னு சொன்னேன்ப்பா. நின்னுட்டாத் தெரியாதுன்னு சொன்னேன். அவரு ரெண்டு மூணு தடவை கேட்டுக்கிட்டாரு. வேற ஒண்ணுமே இல்லப்பா. நீங்களே போய்க் கேளுங்க."

அவர் போனார். தனியாகப் போகாமல் டிவி வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அந்த இயக்குநர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் அப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

"எந்தப் பொண்ணுங்கன்னு கேக்கறாருங்க. தெனமும் வேடிக்கை பாக்க எத்தனையோ பேர் வாராங்க, கதையைப் பத்தியெல்லாம் நான் யார்கிட்டயும் பேசறதில்லைங்கறாருங்க. அவ சொன்னது பூராவும் பொய்யிங்க."

பெண் விவகாரம் என்று ரயில்வே யூனிபார்மில் ஒருவர் வந்து நிற்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டால் தனக்கு வம்பில்லை. அவ்வளவுதான் அந்த மேதையின் கணக்கு. நீங்கள் இதயம் போட்ட மேதை.

அடுத்த வாரமே அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது. யார் தெரியுமா? அத்தையின் அண்ணன் மகன். வாழப்பாடியில் பாக்கு மண்டி. முப்பதைத் தாண்டியும் பெண் அமையாமல் இருந்தவர். "பேரு கெட்டதுக்கப்பறம் யாரு வருவாங்க? எங்கண்ணன் ஊட்ல இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்று அத்தை சொன்னபோது, அக்காவின் அப்பா கைகூப்பினார் என்று எங்கள் அம்மா பெருமையாகச் சொன்னார். அப்போது எனக்கு அது புரியவில்லை. அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று பல வருஷம் நம்பினேன். இப்போது யோசித்தால், தப்பாகப் புரிந்துகொள்வது அந்த வீட்டுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று தோன்றுகிறது. பெயரைக் கெடுத்ததும் அவர்கள், கெட்ட பெயரைப் பொறுத்துக்கொண்டு பெண் எடுத்ததும் அவர்கள்.

அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். அழுகை முடிந்த பிறகு, கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். தரை அதிர்றது காலு வழியாத் தெரியும்னுதான் சொன்னேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய்விடுவார். ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். யாரும் மிட்டாய் கொடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பேச்சுக்காக அவளையும் அப்பாவையும் அத்தை தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். பழியெல்லாம் வந்த நாளிலிருந்து அக்காவை அந்த வீட்டில் டிவி பார்க்க விட்டதில்லை. இப்போது மருமகள் என்று உள்ளே ஓரமாக நிற்க வைத்தார்கள். தொடர் நேரம் என்பதால் நாங்களும் தரையில் இருந்தோம். பெரியவர்கள் எங்கள் தலைக்கு மேலே சத்திரமா மண்டபமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் எங்கள் ஊர் வெள்ளைக்கல் மேடு. மிருகம் வருகிறது. கேப்டன் திடீரென்று கையை உயர்த்தி, "புரிந்துவிட்டது! இதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. தரை அதிர்வது கால் வழியாகத் தெரிகிறது!" என்றான்.

அறையில் இருந்த பிள்ளைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் கத்தினோம். "அக்கா சொன்னது! இது அக்கா சொன்னது!" அண்ணன் எழுந்து நின்று அவளையும் டிவியையும் மாறி மாறிக் கைகாட்டினான்.

பெரியவர்கள் திரையின் பக்கம் திரும்பினார்கள். அக்காவின் அப்பா டிவியைப் பார்த்தார். அவருக்கு அந்த வார்த்தைகள் தெரியும். ஒரு மாதமாக அவர் வீட்டில் வேறு வார்த்தையே கேட்கவில்லை. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. டிவி வீட்டுக்காரர் அவசரமாகக் குனிந்து எச்சில் டப்பாவைத் தேடினார்.

திரையில் கேப்டன் அடுத்த வசனத்தைச் சொன்னான். "எல்லோரும் ஓடுங்கள்!" ஐந்து பேரும் தடதடவென்று ஓடினார்கள்.

"நிக்கோணும்" என்றாள் அக்கா. மெதுவாக, தனக்குள்ளேயே சொல்வது போல. "ஓடுனா அதுக்குத் தெரிஞ்சுருமல்ல? மூணு தடவை சொன்னேனே. அதைக்கூட ஒழுங்கா எடுக்கலையே இந்த ஆளு."

அவளுக்கு அந்த நேரத்திலும் அதுதான் கவலை. தன் பெயரைக் காப்பாற்றும் சாட்சி ஊருக்கே தெரியும்படி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ கதையில் விழுந்த ஓட்டையைப் பார்த்து நொந்துகொண்டிருந்தாள்.

"சும்மா இருங்க, சனியன்களா" என்று அத்தை எங்களை அதட்டினார். பிறகு எல்லோரும் அக்காவின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மகள் பக்கம் திரும்பவில்லை.

"மண்டபம் எதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

இதற்கு முன்னால் அவர் செய்ததையெல்லாம் அறியாமை என்று மன்னித்துவிடலாம். இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நல்ல மனிதர் என்று அவரைத் தெருவே சொல்லும். அவர் இறந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டில் பேச்சை எடுத்துவிட்டோம், இனிமேல் பின்வாங்கினால் என்ன நினைப்பார்கள் என்கிற ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பையும் வாயையும் கொடுத்துவிட்டார். கேட்டால் மரியாதை என்பார்கள். அந்தச் சாக்கு மிருகத்தின்மேல் நுரைத்த கஞ்சியை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். இந்த மரியாதை அளவுக்கு அது நாறவில்லை.

ஆனியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டார், தூங்கினார், மண்டிக்குப் போனார். அக்கா இப்போதும் வாழப்பாடியில்தான் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். விசேஷ வீடுகளில் பார்த்தால் பாக்கு விலை, முழங்கால் வலி, மருமகளின் சமையல் என்று பேசுவாள். கை இரண்டும் மடியிலேயே இருக்கும். ஒருமுறை நான் அந்தத் தொடரைப் பற்றி எடுத்தேன். "அதெல்லாம் யாருக்கு நெனப்பிருக்குது சாமி" என்று சொல்லிவிட்டு, பந்தியில் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வருஷத்து ஆடி மாதத்தை. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். சரியாக அந்த ஞாயிறுதான் தொடரின் கடைசிப் பகுதி. நாங்கள் கூட்டமாகப் போய் அவளை இழுத்து வந்தோம். இப்போது அந்த வீட்டில் அவளுக்கு என்ன மரியாதை தெரியுமா? பிரம்பு நாற்காலியை அத்தை தன் முந்தானையால் துடைத்து அவளுக்குப் போட்டார். "வா சாமி, உக்காரு" என்று காப்பி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்து பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் பட்டுப்புடவையும் புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சளுமாக, அந்த நீலக் கண்ணாடிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பகுதி எப்படி முடிந்தது என்று உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மிருகம் எல்லோரையும் வளைத்துக்கொள்கிறது. கேப்டன் அலறுகிறான். அலறிக்கொண்டே மெத்தையில் எழுந்து உட்காருகிறான். அவன் அம்மா காப்பியோடு வந்து, "என்னப்பா, கெட்ட கனவா?" என்கிறார். முடிந்தது. இரண்டு நிலாவும் கனவு, டாக்டரம்மாவின் இரண்டு முகமும் கனவு, தண்ணீர் இல்லாத பூமியும் கனவு. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு அவன் ஆபீசுக்குக் கிளம்புகிறான்.

 தொடரின் வக்கீல், எத்தனையோ வாரமாக அதற்காக எல்லோரிடமும் மல்லுக்கட்டிய என் அண்ணன், எழுந்து நின்று கத்தினான். "த்தூ! இதுக்கா இத்தனை வாரம்? இதுக்கு அந்த மிருகம் நெசமாவே எல்லாத்தையும் தின்னுருக்கலாம்!"

அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டோம். ஏமாத்திட்டான், கேனையாக்கிட்டான், கருமம் என்று ஆளுக்கொன்றாகக் கூவினோம். கூவிக்கொண்டே எல்லோரும் நாற்காலிப் பக்கம் திரும்பினோம். அவள் என்ன சொல்வாள் என்பதற்காகத்தான் அவளை இழுத்தே வந்திருந்தோம். இந்த முடிவை அவள் எப்படிக் கிழிக்கப் போகிறாள் என்று எனக்கு வாயெல்லாம் பல்.

அவள் எங்களைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். புடவை மடிப்பை ஒருமுறை நீவிக்கொண்டாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு 'ஆனா' வரும் என்று அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவள் கணவர் குடித்து வைத்த டம்ளரையும் தன் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காக உள்ளே போய்விட்டாள்.